பேட்சும் கிட்டும்: பொதி கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

கொழும்பில் ஒரு சின்னக் கம்பனியில் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்துக்குப் பொதிகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள், கட்டுவது என் வேலை. புறக்கோட்டை, வெள்ளவத்தைக் கடைகளில் பில் அடிக்கிற இயந்திரங்களுக்குப் போகிற மென்பொருள்தான் அதிகம். எங்கேயோ யாரோ எழுதிய திறந்த மூல நிரலை எடுத்து, எங்கள் தேவைக்குக் கொஞ்சம் திருத்தி, பொதியாக்கி அனுப்புகிறோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களும் கம்பஸ் பிள்ளைகளும் வேறு கம்பனி நண்பர்களும் ஒரே சந்தேகங்களையே கேட்கிறார்கள், நானும் அதே பதிலைத் தேத்தண்ணிக் கடை மேசையில் கீறிக் கீறிக் காட்டிக் களைத்துவிட்டேன், அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. கட்டளைகளைத் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன், வாய்விட்டு வாசித்தால் விளங்கும். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.

அண்ணா, பேட்ச் பேட்ச் என்று சொல்லுறீங்கள், அது உண்மையா என்ன?

ஒரு கோப்பின் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வைத்த சாதாரண எழுத்துக் கோப்பு, அவ்வளவுதான். கழித்தல் குறியில் தொடங்கும் வரி போக வேண்டியது, கூட்டல் குறியில் தொடங்குவது வர வேண்டியது, வெறும் இடைவெளியில் தொடங்குவது மாறாமல் இருக்கிற அக்கம்பக்கத்து வரி. மேலே மூன்று, கீழே மூன்று என்று அக்கம்பக்கத்து வரிகள் வருவது வழக்கம். அப்ஸ்ட்ரீம்காரர், அதாவது மூல நிரலை எழுதுகிறவர், கோப்பின் தலையில் ஐம்பது வரி புதிதாகச் சேர்த்து வரி எண்ணெல்லாம் தள்ளிப்போனாலும், பேட்ச் கட்டளை அந்த அக்கம்பக்கத்தைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். வீட்டு இலக்கம் தெரியாமல் "ஃபார்மசிக்கு எதிர்ப்பக்கம், ரெண்டாவது ஒழுங்கை" என்று விசாரித்துப் போகிற மாதிரி.

அந்தக் கட்டளையை 1985இல் எழுதியவர் லாரி வோல், பிறகு பேர்ள் மொழியை உருவாக்கிய அதே ஆள். நிரலின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கிற கிட் வந்தது 2005இல். லினக்ஸ் கேர்னலுக்கு இன்றைக்கும் திருத்தங்கள் மின்னஞ்சலில் பேட்சாகத்தான் போகின்றன. எனவே இது பழைய காலத்துச் சாமான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கிட் இருக்கேக்க ஏன் இன்னும் பேட்ச் பைல் வைச்சுக்கொண்டு மினக்கெடுறீங்கள்?

இதுதான் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பொதி கட்டுகிறவரிடம் இரண்டு வேறு கேள்விகள் வரும்: "இந்த நிலைக்கு எப்படி வந்தோம்?" என்பது ஒன்று, "அப்ஸ்ட்ரீமிலிருந்து இன்றைக்கு எந்தெந்த இடத்தில் விலகி நிற்கிறோம், ஒவ்வொன்றும் ஏன்?" என்பது மற்றது. கிட் முதலாவதற்கு நன்றாகப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு, நீங்கள் கவனமாக இருந்தாலொழிய, சொல்லாது.

ஓர் உதாரணம். எங்களிடம் ஒரு பழைய பில் நிரல் இருந்தது, கொழும்பு நேரத்தை கிரீனிச் நேரத்தோடு ஆறு மணித்தியாலம் என்று உள்ளேயே எழுதி வைத்திருந்தது. இலங்கை 1996 மே மாதம் ஆறரை மணித்தியாலத்துக்குப் போய், அதே வருடம் ஒக்டோபரில் ஆறுக்கு வந்து, 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. நிரல் எழுதியவர் இடைப்பட்ட காலத்தில் எழுதியிருக்க வேண்டும். அதைத் திருத்த நான் ஒரு கொமிட், அதாவது கிட்டில் பதிகிற ஒரு மாற்றம், போட்டேன், அது பிழைத்தது, திருப்பி எடுத்தேன், இன்னொருவர் வேறு விதமாகப் போட்டார், பிறகு நான் அதில் ஒரு வரியை மாற்றினேன், நடுவில் அப்ஸ்ட்ரீமின் புதிய பதிப்பு இரண்டு முறை மேர்ஜ் ஆனது. கிட் லொக்கில் இது ஐந்தாறு கொமிட்டாக மற்றவைக்குள் கலந்து கிடக்கிறது. பேட்ச் அடைவில் ஒரே கோப்பு, இருபது வரி, தலைப்பில் காரணம்.

கடைக்காரர் ஒருவர் நாளாந்த வியாபாரத்தை ஒரு கொப்பியிலும், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை வேறொரு கடன் கொப்பியிலும் எழுதுவார் இல்லையா? இரண்டாவதை முதலாவதிலிருந்து கணக்குப் பார்த்து எடுக்கலாம்தான், ஆனால் ஒருவரும் அப்படிச் செய்வதில்லை. பேட்ச் வரிசை என்பது அந்தக் கடன் கொப்பி. ஒவ்வொரு பேட்சும் அடுத்த பதிப்பு வரும்போது நீங்கள் மறுபடி உழைத்துக் கட்ட வேண்டிய கடன். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே வருகிற பாதிப் பதில்களை நீங்களே ஊகித்துவிடலாம்.

மூலக் கோப்பை நேரடியாத் திருத்தி கொமிட் பண்ணிப்போட்டு பில்ட் பண்ணினால் என்ன?

டெபியனின் "3.0 குவில்ட்" என்ற மூலப்பொதி வடிவத்தில் பில்ட், அதாவது பொதி கட்டும் ஓட்டம், அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஏனென்றால் அந்த வடிவத்தில் மூலப்பொதி மூன்று துண்டு: அப்ஸ்ட்ரீம் தந்த டார்போல் (கோப்புகளை ஒன்றாகக் கட்டிய சுருக்கக் கோப்பு) ஒரு எழுத்தும் மாறாமல், டெபியன் அடைவு மட்டும் உள்ள இன்னொரு டார்போல், இரண்டையும் விவரிக்கிற டிஎஸ்சி கோப்பு. டெபியன் அடைவுக்கு வெளியே இருக்கிற எந்த மாற்றமும் பேட்ச் வழியாகத்தான் வர முடியும். நேரடியாகத் திருத்தினால் மூலப்பொதியைக் கட்டுகிற கருவியான டிபிகேஜி-சோர்ஸ் "எதிர்பாராத மாற்றம் இருக்கிறது" என்று நிறுத்தி, "கொமிட்" என்ற அதன் சொந்த விருப்பத்தேர்வைப் பயன்படுத்தச் சொல்லும். பெயர் ஒன்றாக இருந்தாலும் கிட் கொமிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் திருத்தத்தை ஒரு பேட்ச் கோப்பாக மாற்றி வைக்கும், அவ்வளவுதான்.

பழைய 1.0 வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை, எல்லா மாற்றமும் ஒரே டிஃப் கோப்பில் குவிந்துவிடும். குவிந்துவிடும் என்பதுதான் அதன் பிரச்சினையும். பதினைந்து திருத்தம் ஒரே உருண்டையாக இருந்தால் எது எதற்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சீரிஸ் என்று ஒரு பைல் கிடக்குது, அது என்னத்துக்கு? வரிசையை மாத்தினால் பிழையோ?

பேட்ச்களின் பெயரை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதிய பட்டியல். மேலிருந்து கீழாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்படும். அடைவில் பேட்ச் கோப்பு இருந்தாலும் இந்தப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அது ஒட்டப்படாது. "போட்ட பேட்ச் வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வரிசையை மாற்றலாம், இரண்டு பேட்ச் ஒரே இடத்தைத் தொடாதவரை. நான் வைத்திருக்கும் ஒழுங்கு: அப்ஸ்ட்ரீமிலிருந்தே எடுத்த திருத்தங்கள் முதலில், அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியவை அடுத்து, எங்களுக்கு மட்டும் தேவையானவை கடைசியில். அடுத்த பதிப்பில் மறையப்போகிறவை அடுக்கின் அடியில், அதாவது பட்டியலின் தலையில், இருந்தால் அவற்றை உருவி எடுக்கும்போது மேலே இருப்பவை அதிகம் ஆடாது.

குவில்ட் படிக்கிறதா, ஜிபிபி பிக்யூ படிக்கிறதா?

இரண்டையும் கொஞ்சம். குவில்ட் பேட்ச் அடுக்கை நேரடியாகக் கையாளும் கருவி; ஆண்ட்ரூ மோர்டன் கேர்னல் வேலைக்கு வைத்திருந்த ஸ்கிரிப்டுகளிலிருந்து வளர்ந்தது. "குவில்ட் புஷ்" என்றால் அடுத்த பேட்சை ஒட்டும், "பொப்" என்றால் கழற்றும், "நியூ" புதியது தொடங்கும், "ரிஃப்ரெஷ்" நீங்கள் செய்த திருத்தத்தைப் பேட்ச் கோப்பில் எழுதும். எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி: திருத்துவதற்கு முன் "குவில்ட் ஆட்" என்று கோப்பைச் சேர்க்க மறப்பது. கோப்பு முன்பு எப்படி இருந்தது என்று குவில்டுக்குத் தெரியாததால் உங்கள் திருத்தம் பேட்சில் வராது. "குவில்ட் எடிட்" பயன்படுத்தினால் சேர்ப்பதையும் திறப்பதையும் ஒன்றாகச் செய்துவிடும், அதைப் பழகுங்கள். டெபியனில் பேட்ச் அடைவு வேறு இடத்தில் இருப்பதால் குவில்ட் பேட்சஸ் என்ற சூழல் மாறிக்கு டெபியன் அடைவுக்குள் இருக்கிற பேட்சஸ் பாதையைக் கொடுக்க வேண்டும்.

ஜிபிபி பிக்யூ, அதாவது கிட்-பில்ட்பேக்கேஜ் கருவியின் பேட்ச் வரிசைக் கட்டளை, கிட் தெரிந்தவர்களுக்குச் சுகம். "இம்போர்ட்" என்றால் ஒவ்வொரு பேட்சையும் ஒரு கொமிட்டாக்கி ஒரு தற்காலிகப் பிராஞ்சில் (கிளையில்) வைக்கும். அங்கே வழக்கமான கிட் வேலை, ரீபேஸ், அமெண்ட் எல்லாம் செய்து "எக்ஸ்போர்ட்" கொடுத்தால் மறுபடி பேட்ச் கோப்புகளாகிவிடும். அந்தத் தற்காலிகப் பிராஞ்சை சேர்வருக்குத் தள்ளாதீர்கள். அது கறுப்புப் பலகையில் போட்ட கணக்கு, அழிக்கத்தான் இருக்கிறது.

நாலைந்து பேட்சுக்குள் என்றால் நான் குவில்ட்தான். பத்தைத் தாண்டினால் பிக்யூ.

.பிசி என்று ஒரு ஃபோல்டர் தானாக வந்திட்டுது, கொமிட் பண்ணவோ?

வேண்டாம். அது குவில்ட் தன் நினைவுக்கு வைத்திருக்கிற இடம்: எந்தப் பேட்ச் ஒட்டியிருக்கிறது, ஒட்டுமுன் கோப்பு எப்படி இருந்தது. கிட் இக்னோரில் போட்டுவிடுங்கள்.

கையால் அழிக்கவும் வேண்டாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் குவில்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், யூபிஎஸ்சும் கைவிட்டு, பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் நின்றது. நான் அவசரத்தில் .பிசியை அழித்துவிட்டேன். குவில்ட் ஒன்றுமே ஒட்டவில்லை என்று நினைத்தது, கோப்புகளோ ஒட்டிய நிலையில். அப்படி ஆனால் சண்டை பிடிக்காமல் கிட்டில் இருக்கிற சுத்தமான நிலைக்குத் திரும்பி முதலிலிருந்து தொடங்குவதே சுருக்க வழி. கொமிட் செய்யாத ரிஃப்ரெஷ் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பார்க்கவில்லை, ஒரு பின்னேரத்து வேலை போனது.

கிட்டுக்குள்ள பேட்ச் ஒட்டின நிலையில வைக்கிறதா, ஒட்டாமல் வைக்கிறதா?

இரண்டு கட்சியும் இருக்கிறது. ஜிபிபி வழியில் கிட்டில் அப்ஸ்ட்ரீம் நிரல் திருத்தப்படாமல் இருக்கும், பேட்ச் கோப்புகள் பக்கத்தில் இருக்கும். பில்ட் ஆகும்போதுதான் ஒட்டப்படும். டிகிட், கிட்-டிபிஎம் என்ற வேறு கருவிகளின் வழியில் ஒட்டிய நிலையே கிட்டில் இருக்கும், அதனால் ரெப்போவை, அதாவது கிட் களஞ்சியத்தை, எடுத்தவர் பார்ப்பதும் உண்மையில் கம்பைல் ஆவதும் ஒன்றே.

வெளியாள் ஒருவர் ரெப்போவை எடுத்து நிரலை வாசிக்கிறார் என்று வையுங்கள்: ஒட்டாத நிலையில் அவர் வாசிப்பது ஓடுகிற நிரல் இல்லை. இது நியாயமான குறை. ஆனாலும் எங்கள் கூட்டத்தில் ஒட்டாமல்தான் வைத்திருக்கிறோம், ஏனென்றால் பேட்ச் அடைவில் என்ன மாறியது என்பது கொமிட்டில் தெளிவாகத் தெரிகிறது, நேரடியாகத் திருத்திவிட்டு மறக்கிறவர்களும் உடனே அகப்படுவார்கள். எதை எடுத்தாலும் ஒரு ரெப்போவில் ஒன்றுதான். பாதிப்பேர் அப்படி, பாதிப்பேர் இப்படி என்று இருந்த ஒரு ரெப்போவை ஒருமுறை எனக்குத் தந்தார்கள், அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை.

ஒரு பெரிய பேட்ச் நல்லதா, சின்னச் சின்னதாப் பலது நல்லதா?

ஒரு காரணத்துக்கு ஒரு பேட்ச். எத்தனை கோப்பைத் தொடுகிறது என்பது முக்கியமில்லை. "இது வேண்டாம்" என்று ஒருநாள் தனியாகக் கழற்ற முடிய வேண்டும், அதுதான் அளவுகோல்.

பேட்சுக்கு மேல என்ன எழுத வேணும்? பெயரே போதும்தானே?

பெயர் போதாது. "ஃபிக்ஸ்-2" என்ற பெயரில் ஒன்று எங்களிடம் மூன்று வருடம் இருந்தது, ஒருவருக்கும் கைவைக்கத் துணிவில்லை. டெபியனில் டெப்-3 என்று ஒரு வழிமுறை இருக்கிறது: என்ன செய்கிறது என்ற விவரணம், எங்கிருந்து வந்தது அல்லது யார் எழுதியது, எந்த வழு அறிக்கை, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாயிற்றா, கடைசியாக எப்போது தொட்டது. "அனுப்பியாயிற்றா" என்ற புலத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அதில் இணைய முகவரி இருந்தால் கடன் அடைபடும் வழியில் இருக்கிறது, "இல்லை" என்றால் யாரோ ஒருவர் இன்னும் வேலை செய்ய வேண்டும், "தேவையில்லை" என்றால் இது எங்கள் வீட்டு விஷயம்.

விவரணத்தில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதாதீர்கள், அது கீழேயே தெரிகிறது. மாற்றாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். எங்களிடம் இப்போது இருக்கிற ஒன்றின் தலைப்பு: "ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்தோடும் ஶகரத்தோடும் இரண்டு விதமாகத் தட்டலாம், திரையில் ஒன்றுபோலவே தெரியும், இந்தப் பேட்ச் இல்லாவிட்டால் ஒரு விசைப்பலகையில் பதிந்த ஸ்ரீகாந்தனை இன்னொரு விசைப்பலகையில் தேடினால் கிடைக்க மாட்டார்." ஶ யூனிகோடுக்கு 2005இல்தான் வந்தது, பழைய தரவில் ஸகரமே கிடக்கும். இதை வாசித்த யாரும் அந்தப் பேட்சைத் தவறுதலாக எடுத்தெறிய மாட்டார்கள்.

புதுப் பதிப்பு வந்தால் எல்லாப் பேட்சும் உடையுது, ஒவ்வொரு முறையும் அழுகிறதா?

உஸ்கேன் புதிய டார்போலைக் கொண்டுவரும், ஜிபிபி இம்போர்ட்-ஒரிக் அதை அப்ஸ்ட்ரீம் பிராஞ்சில் வைக்கும், அப்புறம் பேட்ச் அடுக்கைப் புதிய அடித்தளத்தின்மேல் ஏற்ற வேண்டும். நான்கில் ஒன்று நடக்கும். அப்படியே ஒட்டும்: சந்தோசம். வரி எண் மட்டும் தள்ளி ஒட்டும்: ரிஃப்ரெஷ் செய்தால் போதும். அக்கம்பக்கம் கொஞ்சம் மாறி, "ஃபஸ்" என்ற எச்சரிக்கையோடு ஒட்டும்: இங்கே கவனம், குவில்ட் விட்டுக்கொடுத்தாலும் டிபிகேஜி-சோர்ஸ் விட்டுக்கொடுக்காது, அது ஃபஸ்ஸைப் பூச்சியமாக வைத்து ஒட்டும், ஆகவே ரிஃப்ரெஷ் செய்யாமல் பில்ட் ஆகாது. ஆனால் ரிஃப்ரெஷ் செய்யுமுன் சரியான இடத்தில்தான் ஒட்டியதா என்று கண்ணால் பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு செயற்கூறு இருந்தால் தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிடும். கடைசி, ஒட்டவே ஒட்டாது: அப்ஸ்ட்ரீம் அதே திருத்தத்தைத் தானே செய்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். செய்திருந்தால் பேட்சை எறிந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

பிக்யூவில் "ரீபேஸ்" கட்டளை இருக்கிறது, கிட்டின் மூன்றுவழி மேர்ஜ் உதவிக்கு வரும் என்பதால் குவில்ட்டைவிட இந்த இடத்தில் அது எனக்குப் பிடிக்கும். புதிய பதிப்பை முதலில் இறக்கிவிட்டுப் பேட்சை ஒட்ட முடியாமல் முழிக்கிறீர்கள் என்றால் இம்போர்ட்டுக்கு "டைம்-மெஷின்" என்ற விருப்பத்தேர்வு உண்டு, பேட்ச்கள் ஒட்டுகிற பழைய கொமிட்டைப் பின்னோக்கித் தேடிப் போகும். பத்துப் பதிப்பைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக ஏற்றினால் அழத்தான் வேண்டும்.

சேர், டார்போலை எடுக்கிறதா, கிட் டேக்கை எடுக்கிறதா? ரெண்டும் ஒண்டுதானே?

டேக் என்பது கிட்டில் ஒரு வெளியீட்டுக்குப் போட்ட பெயர்ச்சீட்டு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியவை, இருப்பதில்லை. கொன்ஃபிகர் போன்ற உருவாக்கப்பட்ட கோப்புகள் டார்போலில் மட்டும் இருப்பது வழமை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் விவகாரம் இந்த இடைவெளிக்குள்தான் நடந்தது: 5.6.0, 5.6.1 பதிப்புகளின் பின்கதவைத் திறக்கிற பில்ட் ஸ்கிரிப்ட் துண்டு வெளியீட்டு டார்போலில் இருந்தது, கிட்டில் இல்லை. கிட்டை மட்டும் வாசித்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு நான் டேக்கிலிருந்தே எடுத்து, உருவாக்கப்பட வேண்டிய கோப்புகளை நாங்களே உருவாக்குகிறேன், முடிந்த இடத்தில். டார்போலைத்தான் எடுக்க வேண்டும் என்றால் டேக்கோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். பேட்ச் விஷயத்தில் இன்னொன்று: டார்போலில் இருக்கிற உருவாக்கப்பட்ட கோப்புக்குப் பேட்ச் எழுதாதீர்கள், அடுத்த பதிப்பில் நிச்சயம் உடையும். அதை உருவாக்குகிற மூலத்துக்கு எழுதுங்கள்.

ரெண்டு பேர் ஒரே பேட்சில கைவைச்சு கொன்ஃப்ளிக்ட் வந்திட்டுது. நான் கையாலே சரிக்கட்டினேன், இப்ப "மோல்ஃபோர்ம்ட்" என்று சொல்லுது.

ஒவ்வொரு துண்டின் தலையிலும் இத்தனையாம் வரியில் தொடங்கி இத்தனை வரி என்று எண்கள் இருக்கும். கையால் ஒரு வரி கூட்டினால் அந்த எண் பொய்யாகிவிடும். பேட்ச்யூட்டில்ஸ் தொகுப்பில் இருக்கிற ரீகவுண்ட்டிஃப் அந்த எண்களைத் திருத்தித் தரும், ஆனால் உள்ளடக்கம் சரியா என்பதற்கு அது பொறுப்பில்லை. சரியான வழி: ஒருவருடைய பேட்சை எடுத்து ஒட்டி, மற்றவருடைய நோக்கத்தை நிரலில் செய்து, ரிஃப்ரெஷ். சீரிஸ் கோப்பில் மட்டும் கொன்ஃப்ளிக்ட் என்றால் பெரும்பாலும் இரண்டு பேரும் கடைசி வரியில் சேர்த்திருப்பார்கள், இரண்டு வரியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து: வரிக் கடைசியில் கிடக்கும் இடைவெளிகளைத் தானாக அழிக்கிற எடிட்டர் வசதியைப் பேட்ச் அடைவுக்கு முடக்கி வையுங்கள். மூலத்தில் இடைவெளியோடு முடிகிற வரி இருந்தால் பேட்ச் ஒட்டாமல் போகும், கண்ணுக்கும் தெரியாது. வின்டோஸில் வேலை செய்கிற தம்பிமார், கிட் வரி முடிவுகளை மாற்றாதபடி பேட்ச் அடைவுக்கு ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் சொல்லி வையுங்கள்.

ஒரு வரிதான் மாத்தினேன், கிட் டிஃபில பேட்ச் பைல் முழுக்க மாறிக் கிடக்குது. ஏன்?

கருவிகள் எழுதுகிற குப்பை. கிட் ஃபோர்மட்-பேட்ச் கொமிட் எண்ணையும் கடைசியில் கிட் பதிப்பு எண்ணையும் போடும், ஆளுக்கு ஆள் அது மாறும். ஜிபிபி பிக்யூ எக்ஸ்போர்ட் இவற்றைக் கழித்துத்தான் தருகிறது. குவில்ட் என்றால் ரிஃப்ரெஷ்ஷுக்கு நேரமுத்திரை வேண்டாம், இண்டெக்ஸ் வரி வேண்டாம், "ஏபி" வடிவம் வேண்டும் என்று கட்டமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதி அதையே எல்லோருக்கும் கொடுங்கள். சின்ன விஷயம், ஆனால் இது இல்லாமல் பேட்சை மீளாய்வு செய்யவே முடியாது.

பேட்சுக்குள்ள நடந்த மாற்றத்தை எப்படி ரிவியூ பண்ணுறது? பிளஸ்சுக்கு முன்னால மைனஸ், தலை சுத்துது.

வித்தியாசத்தின் வித்தியாசத்தை நேரடியாக வாசிக்காதீர்கள். பழைய அடுக்கையும் புதிய அடுக்கையும் பிக்யூவால் இரண்டு பிராஞ்சாக்கி கிட் ரேஞ்ச்-டிஃப் ஓட்டுங்கள், 2018இல் வந்த 2.19 பதிப்பிலிருந்து கிட்டிலேயே இருக்கிறது. எந்தப் பேட்ச் மாறவில்லை, எது மாறியது, எது போய்விட்டது என்று சோடி சோடியாகக் காட்டும். பேட்ச் ஒன்றோ இரண்டோ என்றால் இன்டர்டிஃப் போதும், மேலே சொன்ன பேட்ச்யூட்டில்ஸில்தான் அதுவும் இருக்கிறது.

எங்கட திருத்தம் எங்களுக்கு வேலை செய்யுது. அதை ஏன் அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பி மினக்கெட வேணும்?

கடன் கொப்பிக் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. வேறொரு காரணம் இருக்கிறது: அந்த நிரலை உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். 2006இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் பொதியில், நினைவகச் சோதனைக் கருவி ஒன்று முறைப்பட்ட வரிகளை ஒரு பேட்ச் நீக்கியது. பராமரித்தவர் பொறுப்பில்லாமல் செய்யவில்லை, அப்ஸ்ட்ரீமின் அஞ்சற்பட்டியலில் கேட்டிருந்தார். ஆனால் பேட்ச் முறைப்படி அப்ஸ்ட்ரீமுக்குள் போகவில்லை. நீக்கியதில் ஒரு வரி, எழுமாற்று எண்ணுக்கு விதை போடுகிற வரி. மிஞ்சியது செயல்முறை எண் மட்டும், அது கிட்டத்தட்ட 32,768 வகைதான் வரும். 2008 மே மாதம் விஷயம் வெளிவரும்வரை டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தப் பொதியால் உருவான சாவிகள் எல்லாம் ஊகிக்கக்கூடிய சாவிகள்.

அப்ஸ்ட்ரீம் பதில் போடாமல் மாதக்கணக்கில் கிடப்பதும் உண்டு. அனுப்பிய முகவரியைத் தலைப்பில் எழுதிவிட்டு வைத்திருங்கள். "வேண்டாம்" என்று பதில் வந்தால் அந்தக் காரணத்தையும் எழுதுங்கள், அது சில நேரம் பேட்சைவிடப் பெறுமதியானது.

உபுண்டுக்கு ஒரு பேட்ச், டெபியனுக்கு வேறொரு பேட்ச் வேணும். ரெண்டு சீரிஸ் வைக்கலாமோ?

கருவி விடும்: விநியோகத்தின் பெயரோடு தனிச் சீரிஸ் கோப்பு வைத்தால் டிபிகேஜி-சோர்ஸ் அதை எடுக்கும். ஆனால் அப்போது ஒரே மூலப்பொதியைப் பிரிக்கிறவர் எந்த விநியோகத்தில் இருந்து பிரிக்கிறாரோ அதைப் பொறுத்து வேறு வேறு நிரல் வரும். இதனாலேயே டெபியனின் தொழினுட்பக் குழு 2018இல் தங்கள் களஞ்சியத்தில் இது வேண்டாம் என்று முடிவெடுத்தது. இரண்டு பிராஞ்ச் வைத்து இரண்டு பொதியாகக் கட்டுங்கள், அல்லது ஒரே பேட்ச், பில்ட் நேரத்தில் தெரிவு.

லோகோ படத்தை மாத்த வேணும். படத்துக்குப் பேட்ச் எழுதலாமோ?

குவில்ட் பேட்சில் படம் போகாது. புதிய படத்தை டெபியன் அடைவுக்குள் வைத்து, சோர்ஸ் அடைவில் இருக்கும் இன்க்ளூட்-பைனரீஸ் கோப்பில் அதன் பெயரை எழுதி, நிறுவுகிற கட்டத்தில் பிரதி பண்ணுங்கள்.

நாங்கள் பெடோரா. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமோ?

கருவி வேறு, தலையிடி ஒன்று. பெடோரா என்ற அந்த விநியோகத்தில், பொதியை விவரிக்கிற ஸ்பெக் கோப்பில் பேட்ச் பெயர்களை எழுதுவீர்கள், ஓட்டோசெட்டப் மேக்ரோ வரிசையாக ஒட்டும். குவில்ட் செட்டப் ஸ்பெக் கோப்பையும் வாசிக்கும் என்பதால் மேலே சொன்ன புஷ், பொப் எல்லாம் அங்கேயும் செய்யலாம்.

முன்னம் இருந்தவர் வேலையை விட்டிட்டுப் போயிட்டார். 43 பேட்ச், ஒண்டுக்கும் தலைப்பு இல்லை. எங்க தொடங்கிறது?

இது இரண்டு பேர் வெவ்வேறு வருடத்தில் கேட்டது, எனக்கும் நடந்தது. முதலில் ஒன்றையும் அழிக்காதீர்கள். ஒவ்வொரு பேட்ச் கோப்புக்கும் கிட் லொக் எடுத்து, அது முதன்முதலில் எந்தக் கொமிட்டில், எந்தச் செய்தியோடு வந்தது என்று பாருங்கள். "அப்டேட்" என்ற செய்திதான் இருக்கும், ஆனால் திகதி இருக்கும், அந்தத் திகதியை வைத்து வாடிக்கையாளர் முறைப்பாட்டையோ மின்னஞ்சலையோ தேடலாம். இரண்டாவது, ஒவ்வொன்றின் கூட்டல் வரிகளும் இன்றைய அப்ஸ்ட்ரீமில் ஏற்கனவே இருக்கின்றனவா என்று தேடுங்கள். கிட் லொக்கின் "-எஸ்" தேடலுக்கு ஒரு வரியைக் கொடுத்தால் அது எந்தக் கொமிட்டில் நுழைந்தது என்று சொல்லும். என்னுடையதில் 17 பேட்ச் இந்த இடத்திலேயே செத்துப்போயின.

மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி, பில்ட் செய்து, சோதனை ஓட்டுங்கள். உடைந்தால் எது உடைந்தது என்பதே தலைப்பு, உடனே டெப்-3இல் எழுதுங்கள். உடையாததை நேரே எறிய வேண்டாம், சீரிஸில் அந்த வரிக்கு முன்னால் குறிப்புக் குறி போட்டு, எடுத்த திகதியையும் எழுதி, ஒரு வெளியீட்டை அனுப்பிப் பாருங்கள். எங்களுக்கு அப்படி எடுத்ததில் ஒன்று, மாதக் கடைசியில் மட்டும் ஓடுகிற ஓர் அறிக்கைக்கு வேண்டியது. முதலாம் திகதி காலை எட்டரைக்குப் புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் அதை எனக்கு நன்றாக விளங்கப்படுத்தினார். அந்தக் குறிப்புக் குறியை எடுத்து, அவர் சொன்னதை அப்படியே விவரணமாகப் போட்டேன், வசவை மட்டும் கழித்து.